யாஞ்மா போட்ட ஊசி

ஷார் உஸ் ஆஸ்பத்திரியில் நான் வண்டி ஓட்டத் தொடங்கியபோது யாஞ்மா அங்கே வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடமாகியிருந்தது. எங்கள் வட்டாரத்தில் மூன்று பிரிவுகள். பிரிவுக்கு ஒரு ஊர் டாக்டர். முழு டாக்டர் படிப்பு கிடையாது, மாகாணத் தலைநகரில் மூன்று வருடம் படித்தவர்கள்தான். ஆனால் மேய்ச்சல்காரர்களுக்கு அவர்கள்தான் டாக்டர். யாஞ்மாவின் பிரிவு மேற்கே மலையடிவாரம் வரை போகும். எண்பத்து மூன்று குடும்பங்கள். வருடத்துக்கு நாலு முறை கூடாரத்தைப் பிரித்து இடம் மாறுகிறவர்கள். எந்த மாதத்தில் எந்தக் குடும்பம் எந்தப் பள்ளத்தாக்கில் இருக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம்.

ஒரு பழைய ருஷ்ய மோட்டார் சைக்கிள்தான் அவளுடைய வாகனம். குளிர்காலத்தில், உறைந்தால் கெட்டுப்போகிற மருந்துகளைத் துணியில் சுற்றி அங்கிக்குள் நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டு நாற்பது கிலோமீட்டர் போவாள். கோடையில் மருந்துப் பெட்டியை ஐஸ் பைகளோடு கம்பளியில் பொதிந்து கட்டுவாள். எங்கள் பக்கத்தில் கோடைக்காலத்தில் ஒரு கூடாரத்தைத் தாண்டிப் போகிறவர் இறங்கி ஒரு கிண்ணம் ஐராக் குடிக்காமல் போனால் வீட்டுக்காரர்களுக்கு மனத்தாங்கல். குதிரைப்பால் புளித்து நுரைத்து நிற்கும் நாட்களில் யாரும் அவசரம் காட்டக் கூடாது. யாஞ்மா மட்டும் வண்டியை நிறுத்தாமலே, மருந்து சூடாகிவிடும், திரும்பும்போது இரண்டு கிண்ணமாகக் குடித்துக்கொள்கிறேன் என்று சத்தம் போட்டுவிட்டுப் போவாள். சொன்னபடி திரும்பும்போது குடிக்கவும் செய்வாள். அதற்கு யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு மகள் உண்டு. அவள் நாட்டின் தலைநகர் உலான்பாத்தரில் படித்து அங்கேயே தங்கிவிட்டாள். ஷார் உஸில் யாஞ்மாவுக்கு உறவு என்று சொல்ல ஒருத்திதான் இருந்தாள். அவள் பெயர் டோல்கோர்.

இரண்டு பேரும் ஒன்றாகப் படித்தவர்கள். விடுதியில் ஒரே அறை. இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஜோடி கம்பளிக் காலணி. ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு ஒருநாள் இவள் போட்டுக்கொண்டு போவாள், மறுநாள் அவள். போடாதவள் அன்று அறையில் உட்கார்ந்து இருவருக்குமாகப் பாடத்தை எழுதிவைப்பாள். படிப்பு முடிந்ததும் டோல்கோர் ஷார் உஸ் ஆஸ்பத்திரியிலேயே தடுப்பூசிப் பொறுப்பாளர் ஆனாள். மருந்துக் குளிர்பெட்டியின் சாவி அவள் இடுப்பில் இருக்கும். காலையும் மாலையும் அந்தப் பெட்டியின் வெப்பநிலையைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதுவது அவள் வேலை. யாஞ்மா ஊருக்குள் வரும் நாளெல்லாம் டோல்கோர் வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை. டோல்கோருக்கு மகன் பிறந்தபோது தொப்புள்கொடியை அறுத்தவள் யாஞ்மா.

அந்த வசந்தத்தில் உலான்பாத்தரில் தட்டம்மை பரவியது. எங்களுக்கு அது வானொலிச் செய்தியாகத்தான் இருந்தது. எங்கள் பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டு தவணை ஊசி போட்டாயிற்றே என்று தைரியமாக இருந்தோம். ஏப்ரல் மாதத்தில் பள்ளி விடுதியில் ஏழு வயசுப் பிள்ளை ஒன்றுக்குக் காய்ச்சலும் தடிப்பும் வந்தன. மேற்குப் பிரிவிலிருக்கும் மிஷிக்கின் பேத்தி அவள். மிஷிக் வந்து அவளைக் கூடாரத்துக்கு அழைத்துப் போனார். பேத்தி பத்து நாளில் எழுந்துவிட்டாள். ஆனால் அதே கூடாரத்தில் அவளுடைய தம்பி, ஏழு மாதக் குழந்தை, இன்னும் ஊசி போடும் வயதுகூட வராதவன், அவனுக்கு ஒட்டிக்கொண்டது. நெஞ்சில் சளி கட்டிவிட்டது. மாகாண ஆஸ்பத்திரிக்கு நான்தான் வண்டி ஓட்டினேன். பாதி வழியிலேயே குழந்தையின் தாய் என் தோளைத் தொட்டு, இனி மெதுவாகவே போங்கள் என்றாள்.

அதற்குள் விடுதியில் இன்னும் ஆறு பிள்ளைகள் படுத்துவிட்டார்கள். எல்லாரும் முதல் வகுப்பு. எல்லாருடைய அட்டையிலும் இரண்டு தவணையும் போட்டதாக எழுதியிருந்தது. அதில் நாலு அட்டைகளில் இருந்தது யாஞ்மாவின் கையெழுத்து.

குழந்தையை அடக்கம் செய்த நான்காம் நாள் மிஷிக் ஆஸ்பத்திரி முற்றத்துக்கு வந்தார். குதிரையைக் கட்டக்கூட இல்லை. பேத்தியின் அட்டையைக் கையில் பிடித்திருந்தார். இருபது வருடமாக யாஞ்மாவை டாக்டரம்மா என்றும் நீங்கள் என்றும் பேசிய மனிதர் அவர்.

"இது உன் கையெழுத்துதானே?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே. என் கையெழுத்துதான்."

"ஊசியப் போட்டுட்டு எழுதினியா, எழுதிட்டுப் போடாம வுட்டியா?"

யாஞ்மா, போட்டேன், உங்கள் கூடாரத்தில் உட்கார்ந்துதான் போட்டேன், உங்கள் மருமகள்தான் பிள்ளையைப் பிடித்துக்கொண்டாள் என்றாள். மருமகள் அன்று பேசும் நிலையில் இல்லை. மிஷிக் அட்டையை அவள் காலடியில் போட்டுவிட்டுக் குதிரை ஏறிப் போனார்.

பேச்சு காட்டுத்தீயாகப் பரவியது. மழை நாளில் மலைப்பக்கம் போக அலுத்துக்கொண்டு யாஞ்மா வீட்டிலேயே அட்டைகளை எழுதியிருக்கிறாள், மருந்தை மண்ணில் ஊற்றியிருக்கிறாள் என்றார்கள். கூடாரத்தைத் தாண்டி நிற்காமல் போனாளே, அது எதனால் என்று இப்போது தெரிகிறதா என்றும் ஒருத்தி சொன்னாளாம். எந்தக் குணத்துக்காக அவளை மெச்சினார்களோ அதையே எடுத்து அவள்மேல் எறிந்தார்கள்.

வட்டாரத் தலைவர் கலாசார மண்டபத்தில் கூட்டம் போட்டார். நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். யாஞ்மாவை மேடைக்குக் கீழே ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவள் எழுந்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் என் கையால் போட்டேன் என்று மட்டும் சொன்னாள். அப்படியானால் மருந்தில் கோளாறு இருந்திருக்குமோ என்று தலைவர் டோல்கோரைக் கேட்டார். யாஞ்மா திரும்பி அவளைப் பார்த்தாள். அவள் பார்வையில் பயம் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. தன் ஆள் பேசப்போகிறாள் என்று நிம்மதியாகத்தான் பார்த்தாள்.

டோல்கோர் பழைய நோட்டைக் கொண்டுவந்திருந்தாள். ஏழு வருடத்துக்கு முந்தைய நோட்டு. பக்கம் பக்கமாக நான்கு டிகிரி, ஐந்து டிகிரி, நான்கு டிகிரி. தலைவர் புரட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

"பெட்டியில மருந்து நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள் டோல்கோர். "கணக்குப் பாத்துக் குடுத்தனுப்பினேன். வெளிய போன பொறவு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது."

யாஞ்மா உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் முடிந்தபின் எல்லாரும் வெளியேறும் வரை அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. விசாரணை முடியும் வரை ஊசி போடக் கூடாது என்று உத்தரவு வந்தது. அன்று அவள் டோல்கோர் வீட்டுக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே படுத்துக்கொண்டாள். மறுநாள் என்னிடம், டோல்கோர் பயந்துபோய் அப்படிப் பேசிவிட்டாள், நோட்டில் இருப்பதைத்தானே அவள் சொல்ல முடியும் என்று அவளுக்காகப் பரிந்து பேசினாள். அப்போதும் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. எனக்கு வந்திருக்க வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

மே மாதத்தில் உலான்பாத்தரிலிருந்து டாக்டர் எனெரெல் வந்தார். முப்பது வயதிருக்கும். தையல் மிஷின் பெட்டி அளவில் ஒரு கருவி கொண்டுவந்திருந்தார். என் வண்டி பேட்டரியிலேயே அது ஓடும். பிள்ளையின் விரல்நுனியில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தை அதன் தகட்டில் விட்டால், அரை மணிக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில், தட்டம்மையை எதிர்க்கும் சக்தி அந்த ரத்தத்தில் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடும். முன்பெல்லாம் இதற்கு ரத்தத்தைக் குழாயில் எடுத்துத் தலைநகருக்கு அனுப்பி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். யாருக்குச் சக்தி இல்லையோ அவர்களுக்கு உடனே ஊசி போடலாம் என்பது அவர் திட்டம். யாருடைய குற்றத்தையும் கண்டுபிடிக்க அவர் வரவில்லை.

மேற்குப் பிரிவில் குடும்பங்கள் வசந்த மேய்ச்சலுக்குச் சிதறிக் கிடந்தன. யார் எங்கே என்று யாஞ்மாவைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. எனவே வழிகாட்ட மட்டும் அவளை ஏற்றிக்கொள்ளும்படி எனெரெல் கேட்டார்.

முதல் கூடாரத்தில் மூன்று கிண்ணம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கிண்ணம் தேநீர் வந்தது. ஒன்று எனெரெலுக்கு, ஒன்று எனக்கு. எங்கள் மண்ணில் எதிரி வந்தாலும் உப்புத் தேநீர் கொடுத்துவிட்டுத்தான் சண்டை. யாஞ்மா எதையும் கவனிக்காதவள்போல் கதவோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். நான் என் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் தொடவில்லை. பிள்ளையின் விரலைப் பிடிக்க அவள் கை நீட்டியபோது, அந்தத் தாய், "இவங்க வேணாம், நீங்களே எடுங்க" என்று எனெரெலிடம் சொன்னாள். அந்தத் தாய்க்கும் சிறுவயதில் ஊசி போட்டவள் யாஞ்மாதான்.

அந்த வீட்டில் ஏழு வயதுப் பையனுக்குச் சக்தி இல்லை என்று காட்டியது பெட்டி. அடுத்த கூடாரத்தில் ஏழு வயதுப் பெண்ணுக்கும் இல்லை. தாய்மார்கள் பெட்டியைப் பார்க்கவில்லை, யாஞ்மாவைப் பார்த்தார்கள். வண்டியில் ஏறியதும் எனெரெல் அவளிடம் தணிந்த குரலில் சொன்னார்: "இந்தப் பெட்டி ஊசி போட்டாங்களா இல்லையான்னு சொல்லாதுக்கா. ஒடம்புல சக்தி இருக்கா இல்லையாங்கறத மட்டும்தான் சொல்லும்." யாஞ்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்று நாள் அப்படியே போனது. எழுபத்தொரு பிள்ளைகளுக்குப் பார்த்தோம். நான்கு வயதுக்கு இருந்தது, பத்து வயதுக்கு இருந்தது, பதினாலுக்கு இருந்தது. அவள் போட்ட ஊசியெல்லாம் அந்தப் பிள்ளைகளின் ரத்தத்தில் உயிரோடு இருந்தது. பதின்மூன்று பேருக்கு மட்டும் இல்லை. பதின்மூன்று பேரும் கிட்டத்தட்ட ஒரே வயது. எனெரெல் தாள்களைத் தொடைமேல் பரப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு மற்ற இரண்டு பிரிவுகளுக்கும் போகலாம் என்றார். அங்கே வேறு ஊர் டாக்டர்கள், வேறு கையெழுத்து. அங்கும் அதே வயதில் ஆறு பேர், ஐந்து பேர். அட்டைகளைச் சேர்த்துப் பார்த்ததில் விஷயம் தெளிவாகிவிட்டது. எங்கள் வட்டாரத்துக்கு அப்போதெல்லாம் வருடத்துக்கு ஒருமுறை, ஜூன் மாதத்தில்தான் மருந்து வரும். அந்த ஒரு ஜூன் மாதத்து மருந்திலிருந்தே இரண்டு தவணையும் போட்டுக்கொண்ட பிள்ளைகள்தான் இவர்கள்.

"அந்த வருஷக் கோடையில இங்க என்ன நடந்துச்சு?" என்று எனெரெல் பொதுவாகக் கேட்டார்.

கேட்ட கணத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வருடம் நாதம் என்ற கோடை விளையாட்டு விழாவுக்கு முதல் நாள் புயலில் மின்கம்பங்கள் சாய்ந்தன. பதினோரு நாள் கரண்ட் இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஒரு சின்ன ஜெனரேட்டர் இருந்தது. மருந்துப் பெட்டிக்கென்றே வைத்திருந்தது. மல்யுத்தத்துக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் ஒலிபெருக்கி ஓட வேண்டும் என்று தலைவர் கேட்டார். டோல்கோர் சாவி கொடுத்தாள். அவள் மகன் அந்தப் பந்தயத்தில் குதிரை ஓட்டினான். ஜெனரேட்டரை என் வண்டியில் ஏற்றித் திடலுக்குக் கொண்டுபோனவன் நான். இரண்டாம் நாள் அது புகைந்து நின்றுவிட்டது. நானும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு, ஒலிபெருக்கி இல்லாமலே பந்தயம் பார்த்தேன்.

வண்டியை ஓட்டிக்கொண்டே இதையெல்லாம் சொன்னேன். பின் சீட்டில் யாஞ்மா அசையாமல் இருந்தாள். நான் முடித்தபின், நிறுத்து என்றாள். இறங்கி நடந்தாள். முந்நூறு அடி போயிருப்பாள். காற்று அவள் அங்கியைப் பிடித்து இழுத்தது. திரும்பி வந்து என் பக்கத்து ஜன்னலோரம் நின்றாள்.

"நீ கூட்டத்துல இருந்தியே ஷக்தார்."

"இருந்தேன்."

"அந்த நோட்ட அவ விரிச்சுக் காட்டுனப்ப உனக்கு இது ஞாபகம் வரலையா?"

வரவில்லை என்றேன். பாதி உண்மை. ஏதோ ஒன்று மனத்தில் இடறியது, இது எனக்கெதற்கு என்று நான்தான் அதைத் தள்ளிவிட்டேன். இதை அவளிடம் அன்று சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

வண்டி ஏறிய பிறகு அவள் தனக்குத்தானே பேசுகிறவள்போலச் சொன்னாள். அந்தக் கோடையில் கரண்ட் வந்த பிறகுதான் அவள் மலைக் கூடாரங்களிலிருந்து ஊருக்குத் திரும்பினாளாம். ஆஸ்பத்திரியில் யாரோ கரண்ட் போன கதையைச் சொல்ல, மருந்துக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று டோல்கோரிடம் கேட்டாளாம். ஜெனரேட்டர் ஓடியது, நோட்டைப் பார் என்றாளாம் டோல்கோர். உன் நோட்டை நான் எதற்குப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு மருந்தை வாங்கிக்கொண்டு போனாளாம்.

ஊர் வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் டோல்கோர் வீட்டுக்கு விடச் சொன்னாள். என்னையும் கூட வா என்றாள். "நீ ஏத்திட்டுப் போனத நீயே சொல்லு" என்றாள்.

டோல்கோர் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் பழக்கத்தில் தேநீர் ஊற்றி வைத்தாள். நான் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. மாவுக் கையோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"பெட்டியத் தொறந்து பாத்தப்ப எல்லாம் வெதுவெதுன்னு இருந்துச்சு," என்றாள். "தூக்கிப் போட்டுட்டு மேல எழுதியிருந்தா என்னை வேலைய வுட்டு அனுப்பியிருப்பாங்க. அது எங்க வூட்டுக்காரரு வேலை செய்யற காலமும் இல்ல, படுத்த படுக்கையா கெடந்தாரு. சிலது நல்லாத்தான் இருக்கும், பரவாயில்லன்னு நெனச்சேன்."

"அன்னிக்கு பயத்துல நெனச்ச. சரி. போன மாசம் கூட்டத்துல?"

டோல்கோர் விரலில் ஒட்டியிருந்த மாவைத் தேய்த்து உதிர்த்தாள்.

"என்னை அந்த நாற்காலியில ஒக்கார வெச்சுட்டு அந்த நோட்டப் புரட்டினியே. அப்ப என்னடி நெனச்ச?"

டோல்கோர் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "உனக்குன்னு இங்க யாரு இருக்கா. பேச்சு வந்தாலும் உன்னோட போயிடும். நீ தாங்கிக்குவன்னு நெனச்சேன் யாஞ்மா."

யாஞ்மா அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. எனக்கு யாரு இருக்கான்னு நீ கேக்கறியா, என்று மெல்லிய குரலில் அந்த வார்த்தையைத் திருப்பிச் சொன்னாள். ஊற்றிய தேநீர் அப்படியே இருந்தது. வெளியே வந்தோம்.

எனெரெல் எல்லாவற்றையும் எழுதி மேலே அனுப்பினார். தலைவர் மறுபடி கூட்டம் போடவில்லை. ஜெனரேட்டரைக் கேட்டு வாங்கியவர் அவர்தானே. ஆறின புண்ணை எதற்குக் கிளற வேண்டும் என்றார். அறிவிப்புப் பலகையில், விசாரணை முடிந்தது, ஊர் டாக்டர் யாஞ்மா பணியைத் தொடரலாம் என்று இரண்டு வரித் தாள் ஒன்றை ஒட்டினார்கள். நூறு பேர் முன்னால் போன பெயர் இரண்டு வரியில் திரும்பி வந்தது. அதையும் காற்று மூன்றாம் நாள் கிழித்துக்கொண்டு போய்விட்டது. டோல்கோரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு, நோயாளிகள் பெயர் எழுதும் மேசைக்கு அவளை மாற்றினார்கள்.

புது மருந்து வந்தது. இந்த முறை யாஞ்மா குளிர்பெட்டியைத் தானே திறந்து, தன் சொந்த வெப்பமானியை உள்ளே வைத்து, ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து பார்த்த பிறகுதான் எடுத்தாள். சக்தி இல்லாத பிள்ளைகளின் கூடாரங்களுக்கெல்லாம் போனாள். சில இடங்களில் கிண்ணம் வந்தது. சில இடங்களில் நடந்ததைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் அளவுக்கு மீறி உபசரித்தார்கள். அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது என்று சொன்னாள். ஒருவர்கூடத் தவறாகப் பேசிவிட்டோம் என்று சொல்லவில்லை.

மிஷிக்கின் கூடாரத்துக்கும் போனோம். அங்கே ஊசி தேவைப்படுகிறவர் யாரும் இல்லை. பேத்திக்கு அம்மை வந்து போய்விட்டது. ஆனாலும் போக வேண்டும் என்றாள். மிஷிக் ஆட்டுக்கு ரோமம் கத்தரித்துக்கொண்டிருந்தார். எழுந்து வரவில்லை.

"நீங்க ஏமாத்தலன்னு தெரிஞ்சுபோச்சு," என்றார். மறுபடி நீங்கள் ஆகியிருந்தது. "அத நான் நாலு பேருகிட்ட சொல்லுவேன். ஆனா அந்தத் தண்ணி உங்க கையாலதான் எங்க புள்ள ஒடம்புல ஏறுச்சு. அத நான் எங்க கொண்டு வெக்கறது."

யாஞ்மா, எனக்கும் அது தெரியலண்ணே என்றாள். நாங்கள் திரும்பினோம். அவர் சொன்னபடியே நாலு பேரிடம் சொன்னார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அடுத்த குளிர்காலம் முடியப்போகும் நாளில் புத்தாண்டு வந்தது. வெள்ளை மாதம் என்று நாங்கள் சொல்லும் புத்தாண்டு மாதத்தின் முதல் நாள் ஆளுக்கு ஆள் வீடு தேடிப் போய், இளையவர் மூத்தவரின் முழங்கைகளைக் கீழிருந்து தாங்கி வாழ்த்துச் சொல்ல வேண்டும். நான் யாஞ்மாவின் வீட்டில் இருந்தபோது டோல்கோர் வந்தாள். வாழ்த்தும்போது மரியாதைக்கு ஏந்துகிற நீலப் பட்டுத்துணியை இரண்டு கைகளிலும் ஏந்தியிருந்தாள். அவள் யாஞ்மாவைவிட நாலு மாதம் மூத்தவள். முறைப்படி யாஞ்மாதான் கையை நீட்ட வேண்டும்.

யாஞ்மா தன் கைகளை அங்கியின் நீளமான சட்டைக் கைகளுக்குள் இழுத்துக்கொண்டாள். வந்தவளுக்கு இடம் காட்டினாள். ஆவியில் வெந்த இறைச்சிக் கொழுக்கட்டைத் தட்டை முன்னால் வைத்தாள். தேநீரும் ஊற்றினாள். எதிலும் குறை வைக்கவில்லை. டோல்கோர் ஒரு கொழுக்கட்டையைத் தின்று முடித்தாள். பட்டுத்துணியை மடித்துத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, வரேன் என்று எழுந்தாள். யாஞ்மா வாசல்வரை வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் போன பின்பு, கொழுக்கட்டை ஆறிப்போகிறது, நீயாவது சாப்பிடு என்றாள் என்னிடம்.

அவள் இன்னும் அந்த எண்பத்து மூன்று குடும்பங்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். இப்போது எழுபத்தாறு. ஏழு குடும்பங்கள் நகரத்துக்குப் போய்விட்டன. மகள் தன்னோடு வந்துவிடச் சொல்லி அடிக்கடி கூப்பிடுகிறாள். இவள் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்கிறாள். டோல்கோர் மேசையில் உட்கார்ந்து பெயர் எழுதுகிறாள். யாஞ்மா நோயாளி யாரையாவது அழைத்து வந்தால், பெயரையும் வயதையும் தெளிவாகச் சொல்கிறாள். டோல்கோர் எழுதிக்கொள்கிறாள். அதற்குமேல் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வார்த்தை கிடையாது.